எங்கட ஆக்கள்

மாளிகையின் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு ஜேர்மன்காரர் இரும்புச் சட்டையோடு மல்லாந்து படுத்திருப்பார். அவருடைய வயிற்றிலிருந்து ஒரு மரம் முளைத்து, கிளைவிட்டு, ஆள் உயரத்துக்கும் பெரிய ஓக் பலகை முழுவதும் பரவியிருக்கும். கிளைகளில் பழங்களுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கேடயங்கள். கேடயத்துக்கு ஒரு பெயர். காலை ஏழு மணிக்குக் கையில் சாவிக்கொத்தோடு அந்தப் பலகைக்கு முன்னால் வந்து நின்று, "என்ன பெரியப்பு, ராத்திரி நித்திரை வந்ததோ?" என்று விசாரித்துவிட்டுத்தான் அண்ணை வேலையைத் தொடங்குவார்.

அண்ணை என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. டென்மார்க்கில் ஸ்கீவ நகருக்குப் பக்கத்தில், குடாவின் கரையில் இருக்கிற அந்தப் பழைய மாளிகை இப்போது நூதனசாலை. அவர் அங்கே பெடெல் வேலை பார்த்தார். கதவு திறப்பது, பனி தள்ளுவது, புல் வெட்டுவது, ஹீற்றர் மக்கர் பண்ணினால் அதற்குத் தட்டிக்கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எனக்குத் துப்புரவு வேலை. பதினான்கு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. மற்றவர்களுடைய பெயர்களை நாள் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், தன் பெயரைச் சொல்ல நேர்ந்தால் மட்டும் மென்று விழுங்குவார். அவருக்குப் பிடிக்காததை நான் ஏன் செய்யவேண்டும்?

முதல் நாள் வாளியும் துடைப்பமுமாக நின்ற என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை ஆற்றை மகள்?"

எனக்குச் சுரீர் என்றது. யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வியை அப்பாவின் சுகம் விசாரிக்க யாரும் கேட்பதில்லை. ஆளை எந்தப் படியில் நிறுத்தலாம் என்று பார்க்கத்தான் கேட்பார்கள். இந்தக் குளிருக்குள்ளும் இதைக் காவிக்கொண்டு வந்திருக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. "எங்கட அப்பாவின்ரை மகள்" என்றேன். கோபிப்பார் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னைப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய், ஃபொன் ஹாசல்மோர் என்கிற அந்தக் குடும்பத்தின் பன்னிரண்டு தலைமுறைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். வாளித் தண்ணீர் ஆறிப்போனது.

ஹொல்ஸ்டைன் பக்கத்துச் சதுப்பு நிலத்தில், ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் கோபுரம் கட்டிக்கொண்டு, பாலத்தைக் கடக்கிற வண்டிக்காரர்களிடம் வரி பிடுங்கியவர் பெரியப்பு. அவருடைய பேரன் சீட்டாட்டத்தில் கோபுரத்தையும் தோற்றான், பாலத்தையும் தோற்றான். அவனுடைய மகன் பிழைப்புத் தேடி டென்மார்க் அரசனின் குதிரைப்படைக்கு வந்து, ஒரு கண்ணைப் பறிகொடுத்து, கடைசியில் ஒரு விதவையைக் கட்டி இந்த மாளிகைக்கு உரிமைக்காரன் ஆனான். "சீதனத்தில வந்த வீடு" என்று அண்ணை அழுத்திச் சொல்வார், ஏதோ தன் வீட்டுக் காணி உறுதியை வாசிப்பவர் மாதிரி. அவர்களுடைய சின்னம் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு. பரோன் என்ற பட்டத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தில் எவரும் ஏறவில்லை. சரித்திரப் புத்தகங்களில் அவர்களுக்கு ஒரு பக்கம் கிடைத்தாலே பெரிய விசயம்.

"சின்ன ஆக்கள்தான் பிள்ளை. ஆனா வேலிக்குள்ள அவைதான் ராசா. எங்கட ஊரிலயும் அப்பிடித்தானே" என்பார்.

சுவரில் தொங்கிய படங்களுக்கெல்லாம் முறை வைத்திருந்தார். குதிரைப்படைக்காரர் ஒற்றைக்கண் மாமா. மடியில் நாய்க்குட்டியோடு இருக்கிற கிழவி குஞ்சியாச்சி. பவுடர் போட்ட பொய்முடியோடு தொப்பை தள்ளி நிற்பவர் சம்மந்தி. தூசு தட்டும்போது அவர்களோடு கதைத்துக்கொண்டே தட்டுவார். சம்மந்தியின் சாப்பாட்டைப் பற்றி எப்போதும் ஒரு குறை இருக்கும். மொத்தமாக அவர்களை "எங்கட ஆக்கள்" என்றுதான் சொல்வார். புதிதாக வந்த டெனிஷ் அதிகாரி ஒருமுறை மரியாதைக்கு அவருடைய குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, பலகையைக் காட்டி, எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள் என்றார். அந்த மனிதர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

பகிடி இல்லை. எங்கள் ஆட்களும் அதே கேள்வியை அவரிடம் கேட்டுத் தோற்றுப்போனவர்கள்தான். ஸ்கீவவில் தமிழ்க் குடும்பங்கள் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுக்குத்தான். பள்ளிக்கூட மண்டபம் எடுத்துப் பொங்கல் வைக்கும்போது எல்லோரும் சேருவோம். வெளியூரிலிருந்து வந்த யாராவது பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அண்ணை எந்தப் பகுதி, ஆருடைய ஆட்கள் என்று தொடங்குவார்கள். "ஹொல்ஸ்டைன்" என்பார் அண்ணை. பிறகு பாலத்தில் வரி வாங்கிய கதை வரும். கேட்டவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தப்பிக்க வழி பார்ப்பார்.

இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் ஊர் ஆண்கள் தங்களைவிட வயது குறைந்த பெண்ணைக் கண்டால் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அது வாயில் தானாக வருகிற சொல். அண்ணையின் வாயில் அது வராது. ஐம்பது வயதுக்காரியாக இருந்தாலும் பிள்ளைதான்.

காரணத்தை என் கணவர் சொன்னார். ஸ்கீவவில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அண்ணைக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். தாய் தகப்பன் இல்லை. அவர்தான் முதலில் அகதியாக வந்து, பட்ட பாடெல்லாம் பட்டு, அவளையும் கூப்பிட்டு எடுத்தார். வந்தவள் மொழிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெடியனைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெடியன்தான். ஆனால் அவனுடைய தகப்பனை இவர்கள் வீட்டில் படலைக்கு வெளியே நிறுத்திவைத்து, தாகம் என்று கேட்டால் சிரட்டையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்படிப்பட்ட வழக்கம். கடல் தாண்டி வந்த பிறகும் அண்ணைக்கு அந்தச் சிரட்டை கண்ணைவிட்டுப் போகவில்லை. தங்கச்சி கேட்கவில்லை. நகரசபையில் போய்ப் பதிந்துவிட்டாள்.

எங்களில் ஒருவரைக் கைவிட்டால் தலைமுழுகியாயிற்று என்பது ஒரு பேச்சு. அண்ணை அதைப் பேச்சோடு விடவில்லை. நவம்பர் மாதம், துவாயைப் பிடிக்க இரண்டு சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு குடாவுக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூன்று முறை முழுகினார். நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்து தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தார். "உன்ரை துடக்குக் கழிச்சுப்போட்டன். இண்டையில இருந்து நீ இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த நாளே நிமோனியா. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தார். ஒரு பெண் தினமும் தொலைபேசி எடுத்து உங்களைப் பற்றிக் கேட்கிறாள், உங்கள் சகோதரியாம் என்று தாதி வந்து சொன்னாளாம். எனக்குச் சகோதரி இல்லை என்று அண்ணை பதில் சொல்லியிருக்கிறார். டெனிஷ் மொழியில் அவர் பிழையில்லாமல் சொன்ன முதல் வசனம் அதுதான். பல வருடங்களுக்குப் பிறகு, ஹீற்றர் அறையில் வைத்து இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு சாவியை எடுத்து வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி கணவனோடு தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கிற புரொண்பிக்குப் போய்விட்டாள். ரயிலில் நாலு மணித்தியாலம். முப்பது வருடமாக அந்த நாலு மணித்தியாலத்தை அவரால் கடக்க முடியவில்லை. ஒருநாள் போய் அவள் வாசலில் நிற்கவேண்டும், சாவதற்கு முன்னால் நிற்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. கலியாணமும் கட்டவில்லை. அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூடத் தெரியாது. ஜேர்மன் பிரபுவின் ஏழாவது பிள்ளை எந்தக் காய்ச்சலில் செத்தது என்று தெரியும்.

அந்தப் பலகையில் அவருடைய குரல் தாழ்கிற இடம் ஒன்று இருந்தது. எட்டாம் தலைமுறைக் கிளையில், நெஞ்சு உயரத்தில், ஒரு கேடயத்தில் பெயர் இல்லை. கொக்கும் இல்லை. வெறும் மரம் தெரிந்தது. தேவாலயப் பதிவேட்டில் தேடி அவளுடைய பெயரை அண்ணைதான் கண்டுபிடித்தார். டொரத்தேயா. அந்தக் காலத்தில் பிரபு வீட்டுப் பெண்கள் கலியாணம் கட்டாவிட்டால் போய் இருப்பதற்கு ஜேர்மனியில் மடங்கள் இருந்தனவாம். சேர்வதென்றால் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் பதினாறு மூதாதையரின் கேடயங்களைக் காட்டவேண்டும். பதினாறும் பிரபு வம்சமாக இருக்கவேண்டும், ஒன்று குறைந்தாலும் படலை திறக்காது. டொரத்தேயாவுக்குப் பதினாறும் இருந்தன. தகப்பன் மடத்தில் இடமும் பேசிவைத்திருந்தார். அவள் குடாவுக்கு அக்கரையில் மா அரைக்கிற ஆலைக்காரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"தேப்பன் கத்தியால சுரண்டிப்போட்டார். மகள் இல்லையெண்டு ஆக்கிப்போட்டார்" என்று அண்ணை சொல்லி முடிப்பார். பார்வையாளர்களுக்கு அதையே டெனிஷில் சொல்வார். அவருக்கு வழிகாட்டி வேலை கிடையாது. ஆனால் வழிகாட்டிப் பெண்ணே அவர் கதை சொல்லும்போது கை கட்டி நின்று கேட்பாள். அந்த இடத்துக்கு வந்தால் அவர் ஒருநாளும் பலகையைப் பார்க்கமாட்டார், ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைத்தான் பார்ப்பார்.

எனக்கும் அந்தக் காலத்தில் வீட்டில் ஒரு பிரச்சினை. ஓகூஸில் படிக்கப்போன என் மகள் ஒரு டெனிஷ் பெடியனோடு இருக்கத் தொடங்கியிருந்தாள். நான் தமிழில் கத்த அவள் டெனிஷில் கத்த, வீடு இரண்டுபட்டுப் போனது. என் கணவர் அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். நானும் நிறுத்துவதாக இருந்தேன். ஒருநாள் மாளிகைக் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, இனி அவள் எனக்குப் பிள்ளை இல்லை என்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அண்ணை குனிந்து தண்ணீர்க் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"முழுகிப்போடாதை பிள்ளை. தண்ணி சரியான குளிர்."

அன்றைக்குப் பின்னேரமே மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். இன்றைக்கு எனக்கு நீலக்கண்ணோடு ஒரு பேரன் இருக்கிறான் என்றால் அது அந்த ஒரு வசனத்தால்தான். அண்ணைக்கு நான் இதற்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அவர் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடம் முந்தி, கோடைகாலத்தில், ஊன்றுகோலோடு ஒரு வயதான ஜேர்மன் பெண்மணி வந்தார். தனியாகக் காரோட்டிக்கொண்டு ஹம்பேர்க் பக்கத்திலிருந்து வந்திருந்தார். டெனிஷ் கதைத்தார், கொஞ்சம் கரடுமுரடாக. நான் படியைத் துடைத்துக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் கேட்டேன். அண்ணை வழமைபோலப் பாலத்தில் தொடங்கி, சீட்டாட்டத்துக்கு வந்து, ஒற்றைக்கண் மாமாவைக் கடந்து, டொரத்தேயாவின் வெறுங்கேடயத்தில் வந்து நின்றார். தகப்பன் சுரண்டியதைச் சொன்னார்.

அந்த அம்மா தலையை ஆட்டினார். இல்லை என்றார். தான் அந்த ஆலைக்காரனின் வழியில் வந்தவள் என்றும், இந்தப் பலகையில் தங்களுக்கு இடமில்லாதபடியால் கதையைத் தாங்கள்தான் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றும் சொன்னார். தகப்பன் செத்த பிறகு, இந்த வீட்டின் சமையற்காரி ஆலைக்குப் போய் டொரத்தேயாவிடம் சொன்ன கதை அது. மகள் போன நாளிலிருந்து அந்த மனிதர் தினமும் காலையில் படியிறங்கி வரும்போது இந்த இடத்தில் நின்று, பெருவிரலை அவளுடைய கேடயத்தில் வைத்துத் தடவிவிட்டுத்தான் இறங்குவாராம். பத்தொன்பது வருடம். பெயர் மங்கிக்கொண்டு போனபோது சாயம் பூசுகிறவனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, ஒருவரும் கைவைக்கக்கூடாது என்றாராம்.

"அவர் ஆலைக்குப் போனாரா?" என்று அண்ணை கேட்டார்.

"இல்லை. இந்த ஜன்னலில் நின்றால் ஆலையின் காற்றாடி சுற்றுவது தெரியும். படகில் அரை மணி நேரம். ஒருநாளும் போகவில்லை" என்றார் அந்த அம்மா. "டொரத்தேயா கடைசிவரை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பா என் பெயரைக் கத்தியால் சுரண்டிவிட்டு, ஒரேயொரு முறை ஆலைக்கு வந்திருக்கலாம் என்று."

 அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக அந்தப் பலகையைத் துடைக்கிறேன். அந்தக் கேடயத்தில் கத்தி பட்ட கீறல் ஒன்றும் கிடையாது. பழைய கதவின் கைபிடி மாதிரி வழுவழுப்பாக, நடுவில் சின்னக் குழியாக இருக்கும். துணி அந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். துப்புரவுக்காரியிடம் யார் கேட்டார்கள்? நானும் சொல்லவில்லை.

அந்த அம்மா போன பிறகு அண்ணை பலகைக்குக் கிட்டப் போனார். தன் பெருவிரலை அந்தக் குழியில் வைத்தார். அது சரியாக உட்கார்ந்தது. வைத்த கையை எடுக்க அவருக்கு வெகு நேரமாயிற்று.

அதற்குப் பிறகு ஒரு கிழமை யாருக்கும் கதை சொல்லவில்லை. பெரியப்புவோடும் கதைக்கவில்லை. எட்டாம் நாள் என்னிடம் வந்து நின்றார்.

"பத்தொன்பது வருசம் தடவினவர் பிள்ளை. அரை மணித்தியாலம் போகேல்லை. இவ்வளவு காலமும் நான் அந்தாளை வில்லன் எண்டு நினைச்சன். அவர் என்னை மாதிரி ஒரு விசரன்."

போவதென்று முடிவெடுத்துவிட்டார். முதல்முறை லங்கோவில் ரயில் மாறும் இடம்வரை போய்த் திரும்பி வந்தார். இரண்டாம் முறை ஃபிரெடரிசியாவரை. மேடையில் நின்றபோது கால் நகரவில்லையாம். தொலைபேசி எடுத்துப் பாருங்கள் என்றேன். அவள் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு போகவும் முடியாது என்றார். சரி, அடுத்த முறை நானும் வாறன், கால் நகராவிட்டால் இழுத்துக்கொண்டு போறன் என்றேன்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டோம். இருந்த ஒரே கோட்டைப் போட்டிருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தார். ஒரு பையில் மாளிகைத் தோட்டத்து ஆப்பிள். கக்கத்தில் ஒரு சுருள். ரயிலில் அதை விரித்துக் காட்டினார். நூதனசாலையின் பழைய சுவரொட்டியின் பின்பக்கத்தில் ஒரு மரம் கீறியிருந்தார். அடியில் அவருடைய பாட்டனின் பெயர், மேலே தகப்பன், தாய். ஒரு கிளையில் அவர். மற்றக் கிளையில் தங்கச்சியின் பெயர், அதோடு ஒட்டி அவளுடைய கணவனின் பெயர், கணவனின் தகப்பனின் பெயர். தங்கச்சிக்கு மேலே ஐந்து கேடயங்கள் வெறுமையாக இருந்தன.

"எத்தினை பிள்ளையள் எண்டு தெரியாது. அதுதான் கூடுதலாக் கீறினனான்" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஃபிரெடரிசியாவில் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்க எழும்பவில்லை.

புரொண்பியில் நாலாம் மாடி. மணியை நான்தான் அடித்தேன். இருபது இருபத்திரண்டு வயதில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கை வாய்க்குப் போனது. உள்ளே திரும்பி டெனிஷில் சொன்னாள்: "அம்மா, படத்தில் இருக்கிற மாமா வந்திருக்கிறார்."

அவளுடைய தோளுக்கு மேலால் எனக்குச் சுவர் தெரிந்தது. சுவாமிப் படங்களுக்குக் கீழே, செத்தவர்களுக்கு வைக்கிற வரிசையில், தாய் தகப்பனின் படங்களுக்குப் பக்கத்தில் அண்ணை இருந்தார். அகதி முகாமில் யாருடையதோ பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற, மீசை முளைத்த பெடியன். நெற்றியில் சந்தனப் பொட்டு. கழுத்தில் மாலை. முன்னால் ஒரு சின்ன விளக்கு. அண்ணையும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

தங்கச்சி வந்தாள். நரைத்துப்போயிருந்தாள். அழுவாள், கத்துவாள், கதவைச் சாத்துவாள் என்று என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, எங்கேயோ பல காலம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்.

"பிள்ளையளுக்கு ஒரு நல்ல மாமா வேணும் எண்டு நினைச்சன். உயிரோட இருக்கிறவர் சரிவரேல்லை. அதுதான் செத்தவர் ஒராளை வைச்சிருக்கிறன். நீங்கள் முழுகின நாள்தான் திதி."

அண்ணை ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.  அப்போது குசினிக்குள் இருந்து அவளுடைய கணவன் வந்தார். கையெல்லாம் மா. அண்ணையைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து நடைபாதையிலேயே வைத்து அவரை இருத்தினார். பிறகு கையைக் கழுவிவிட்டு ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடியுங்கோ மச்சான்" என்றார். அண்ணை எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். அவர் குடித்து முடிக்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரட்டையின் கதை தெரிந்த எவராலும் அந்த நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

மருமகள் படத்தைக் கழற்றப் போனாள். உயிரோடு வந்து கதிரையில் இருக்கிற ஒருவருக்கு மாலை போட்டு வைத்திருப்பது அந்தப் பிள்ளைக்கு அந்தரமாக இருந்திருக்கும். அண்ணை கையை நீட்டித் தடுத்தார்.

"கழட்டாதை பிள்ளை. அவர் நல்லவர். இருக்கட்டும்."

அப்போதுதான் தங்கச்சி அழுதாள்.

சுருளில் மூன்று கேடயங்களுக்குப் பெயர் எழுதினார்கள். மருமகள் கொட்டை எழுத்தில், டெனிஷ் எழுத்தில் எழுதினாள்.  திரும்பி வந்து ஸ்கீவவில் இறங்கும்போது அண்ணை, "பார்த்து இறங்கு தங்கச்சி, படி ஈரம்" என்றார். எனக்கு விளங்கினதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்றதும் புரொண்பிக்கே போய்விட்டார். அடுத்த கட்டிடத்தில் ஒரு அறை. தங்கச்சியும் அவரும் தினமும் சண்டை பிடித்தார்கள், முப்பது வருடச் சண்டையையும் ஒவ்வொன்றாக. மூன்று நவம்பர்கள் வந்தன. மூன்றிலும் தங்கச்சி அந்த நாளை விடவில்லை. காலையில் முழுகி, சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, சோறும் ஏழு கறியும் வடையும் பாயாசமும் படைப்பாள். விளக்கு வைத்துக் கும்பிட்டு முடிந்ததும் அண்ணை அந்த இலைக்கு முன்னால் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிடுவார். எனக்குப் படைச்சதை வேறை ஆர் தின்னிறது என்று கேட்பார். தன் திவசச் சோற்றைத் தானே குழைத்து, உப்புக் குறைவு என்று குறையும் சொல்லி, இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழும்புவார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்கும் அனுப்புவார்கள்.

நான் இன்னும் மாளிகையில்தான் வேலை செய்கிறேன். இப்போது பெடெல் ஒரு இளம் டெனிஷ்காரர். நல்லவர், காதில் எதையோ மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கதவுகளைத் திறந்துகொண்டு போவார். பெரியப்புவிடம் நித்திரை வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஒருநாள் நான் கேட்டுப் பார்த்தேன். என் குரலுக்கு அது சரிவரவில்லை. காலை ஏழு மணிக்குச் சாவிக்கொத்தின் சத்தம் கேட்காதா என்று படியில் நின்றிருக்கிறேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பல நாட்கள்.

அண்ணை போன வருடம் வைகாசியில் காலமானார். நித்திரையிலேயே. செத்தவீட்டுக்கு எல்லோரும் படம் தேடி அலைவார்கள், அங்கே தேடவேண்டியிருக்கவில்லை. எந்த நாளில் திவசம் செய்வது என்று ஐயர் கேட்டபோது, பழைய நாளிலேயே செய்வோம், அவருக்குப் பழகின நாள் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள்.

நவம்பரில் நானும் புரொண்பிக்குப் போயிருந்தேன். வழமைபோல எல்லாம் சமைத்து, வழமைபோலப் படத்துக்கு முன்னால் படைத்தார்கள். விளக்கு வைத்துக் கும்பிட்டோம். கும்பிட்டு முடிந்த பிறகும் ஒருவரும் அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. எல்லோரும் எதற்கோ காத்திருப்பவர்கள்போல இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கறிகளில் ஆவி அடங்கியது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த இலையில் சோறு மிஞ்சியது.